எட்டு கிலோமீட்டர் யாருக்கு? வில்லியனூர், பாகூர் பெரியவர்கள் நடக்க என்ன வேண்டும்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தினமும் மாலை 6 மணிக்குத் தடுப்புகள் வந்துவிடும். மறுநாள் காலை 7.30 மணி வரை அங்கே வண்டிகள் கிடையாது, நடப்பவர்கள் மட்டும்தான். சமதளம், வெளிச்சம், கடல்காற்று, கால் வலித்தால் உட்கார இடம். எழுபது வயதுக்காரர் ஒருவர் நடப்பதற்கு இதைவிடத் தோதான இடம் தமிழ் பேசும் ஊர்களில் அதிகம் இல்லை.

அங்கிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. போனால் வில்லியனூர். தென்மேற்கே சுமார் 20 கி.மீ. போனால் பாகூர். இரண்டும் கொம்யூன் பஞ்சாயத்துகள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர் அது. கிட்டத்தட்ட தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இங்குள்ள கிராமத்தில் அதே எழுபது வயதுக்காரர் காலையில் நடக்கக் கிளம்பினால், தார்ச்சாலையின் ஓரக்கோடுதான் அவருக்கு நடைபாதை. எதிரே வேன் வந்தால் மண்ணில் இறங்க வேண்டும். போனதும் மறுபடி ஏற வேண்டும்.

'ஊர்ல ஏரிக்கரை இருக்கு, வாய்க்கால் கரை இருக்கு, நடக்கவா இடமில்ல?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடம் இருக்கிறது. ஆனால் முட்டி வலியும் சர்க்கரையும் கொஞ்சம் தடுமாற்றமும் உள்ள ஒருவர் நம்பிக் கிளம்புகிற மாதிரி இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2023 ஜூனில் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு ஒன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4% பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் கோவாவுக்கு, 26.4%. அதை ஒட்டியே புதுச்சேரி, 26.3%. நான்கு பேரில் ஒருவர் என்று சொன்னால்கூடக் குறைவு. வயது ஏற ஏற இந்த நோய் கூடும் என்பதால் பெரியவர்களிடம் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கம் நாடே மூப்படைந்து வருகிறது. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 14.9 கோடி பேர், அதாவது மக்கள்தொகையில் 10.5%. 2050-ல் இது 20.8% ஆகும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊர்களில் இந்த மாற்றத்தைப் பார்க்க 2050 வரை காத்திருக்கத் தேவையில்லை. பொங்கல் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய மறுநாள் தெருவைப் பார்த்தாலே போதும்.

புதுச்சேரி பெரும்பாலும் நகரப் பிரதேசம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரவாசிகள் 68.33%. அதனால் திட்டம், பணம், கவனம் எல்லாமே நகரத்தைச் சுற்றித்தான். 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்ததும் நகரம்தான். மீதமுள்ள மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் கிராமத்தில் இருக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் எளிதாக மறந்துவிடும்.

'வயல்ல நடக்காத நடையா?'

கிராமத்துப் பெரியவர்களிடம் வாக்கிங் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வரும் பதில் இது. பேன்ட் போட்டவர்கள் செய்கிற வேலை அது என்ற எண்ணமும் உண்டு. ஒரு காலத்துக்கு இது உண்மையும்கூட. வில்லியனூர், பாகூர் இரண்டுமே நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றே சொல்வார்கள். நாற்று நட்டு, களை எடுத்து, கட்டுச் சுமந்த உடம்புக்குத் தனியாக நடை எதற்கு?

ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் உண்டு, மனைபோட்டு விற்றவர்களும் உண்டு. அறுபதைத் தாண்டியவர் வயலுக்குப் போவது குறைந்துவிட்டது, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. பெண்களுக்கு வீட்டுவேலை ஓயவில்லை. அதில் நின்றுகொண்டே செய்கிற வேலை நிறைய, தொடர்ந்து நடக்கிற நடை குறைவு. நடை போய்விட்டது, நடந்த காலத்தின் நினைப்பு மட்டும் மிச்சம்.

அதனால் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று போர்டு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். கிராமத்தில் நடை என்றால் ஒரு காரியத்துக்கான நடை. பால் சங்கம், டீக்கடை, கோயில், மாதா கோயில், ஆஸ்பத்திரி. வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயிலும் லூர்து மாதா திருத்தலமும் இருக்கின்றன. இரண்டுக்குமே சுற்றுவட்டாரத்துப் பெரியவர்கள் பழகியவர்கள். பாகூரில் மூலநாதர் கோயில். நடைபாதை என்று ஒன்று போடுவதாக இருந்தால் அது இப்படி ஏதாவது ஓர் இடத்தில் தொடங்க வேண்டும், அல்லது அங்கே போய் முடிய வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு மூலையில் ஆர்ச் கட்டி, ரிப்பன் வெட்டி, பூட்டுப்போட்டு வைக்கிற பூங்காக்களின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எட்டு கிலோமீட்டர் கணக்கு

பக்கத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. சென்னை பெசன்ட் நகரில் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒன்று என 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே மருத்துவ முகாமும் நடக்கும் என்றார்கள். நடைபயிற்சியை அரசுத் திட்டமாகப் பேசவைத்ததே நல்ல காரியம். நடக்க வந்த இடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது அதைவிட நல்ல காரியம்.

ஆனால் 8 கி.மீ. யாருடைய அளவு? தோராயமாகப் பத்தாயிரம் அடிகளின் அளவு. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வைத்த எண், உலகம் முழுக்க டாக்டர் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. இன்று அப்பாவின் பிறந்தநாளுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்து, 'தினமும் டென் தவுசண்ட் ஸ்டெப்ஸ் போங்கப்பா' என்று வாட்ஸ்அப்பில் சொல்லும் பிள்ளைகளுக்கும் அதே எண்தான்.

2019-ல் அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41% குறைவாக இருந்தது. அடிகள் கூடக்கூட நன்மையும் கூடியது. ஆனால் சுமார் 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. நடந்ததால் ஆயுள் கூடியதா, தெம்பாக இருந்தவர்கள் அதிகம் நடந்தார்களா என்ற கேள்வி இதுமாதிரி ஆய்வுகளில் எப்போதும் உண்டு. என்றாலும், பத்தாயிரம் போகாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்ற பயம் தேவையற்றது என்பது தெளிவு.

இப்போது நம்மூர்க் கணக்கைப் போடலாம். உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் நாளுக்கு 30 நிமிடம். முட்டி வலியோடு நடக்கும் பெரியவரின் வேகம் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 30 நிமிடத்தில் ஒன்றரை கி.மீ. போவார். காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்தால் ஒரு வேளைக்கு முக்கால் கி.மீ. அதையும் போக வர என்று மடக்கினால், வீட்டிலிருந்து 375 மீட்டர் போய்த் திரும்பினால் முடிந்தது. அதே வேகத்தில் 8 கி.மீ. நடக்க 2 மணி 40 நிமிடம் ஆகும். நடுவழியில் முடியவில்லை என்றால் ஆட்டோ பிடிக்கத்தான் ஓட வேண்டும்!

ஆக, மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. பாதையைவிட, ஊருக்கு ஊர் 400 மீட்டர் ஒழுங்கான பாதை பெரியவர்களுக்கு உதவும். படம் எடுத்துப் போடுவதற்கு அது அழகாக இருக்காது. திறப்பு விழாவுக்கும் தோதுப்படாது.

கரை இருக்கு. ஏறத்தான் முடியல

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் இந்த ஏரிகளைத் தூர்வாரி, கரையைச் சீராக்கி, ஏரிப் பாசனச் சங்கங்களையும் உருவாக்கியது. நடைபாதைக்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஊர்களின் அதிர்ஷ்டம். கரை எல்லா ஊரிலும் இருக்கிறது, காற்று வருகிறது, கண்ணுக்குத் தண்ணீர் தெரிகிறது.

இதில் பெரியது ஊசுட்டேரி. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாகப் பரந்து கிடக்கும் இந்த ஏரி சுமார் 800 ஹெக்டேர். புதுச்சேரிப் பக்கம் 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகள் பேரில் அந்த வாய்க்காலுக்கு ஊரில் ஒரு கதையும் உண்டு.

கரையில் ஏறுவதுதான் முதல் சிக்கல். தரையிலிருந்து 3 மீட்டர் உயரக் கரை என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் ஏறி ஏறித் தேய்ந்த ஒற்றையடித் தடம் செங்குத்தாகப் போகும். இளவட்டங்களுக்கு நான்கு எட்டு. தடி ஊன்றியவருக்கு அது மலை. இந்திய அணுகல் வழிகாட்டு நெறிகள் சரிவுப்பாதைக்குச் சொல்லும் கணக்கு 1-க்கு 12, அதாவது ஓரடி ஏற 12 அடி நீளம். 3 மீட்டர் ஏற 36 மீட்டர் சரிவு வேண்டும், நடுநடுவே நின்று மூச்சுவாங்கச் சமதளமும் வேண்டும். கரையை ஒட்டியே சாய்வாக மண் ஏற்றி இதைச் செய்யலாம். ஆனால் யாராவது வரைபடம் போடும்போதே யோசித்திருக்க வேண்டும். கடைசியில் நினைவு வந்தால் நான்கு படிக்கட்டு கட்டி முடித்துவிடுவார்கள்.

ஏறியாச்சு. நேராக நடக்கலாமா? மதகு வந்த இடத்தில் கரை குறுகும், கைப்பிடி இருக்காது. கலங்கல் வந்தால் பாதையே அறுந்துவிடும். வெள்ளம் வழிய விட்ட இடம் என்பதால் அதை அடைக்கவும் முடியாது. எனவே கரை முழுக்கச் சுற்றிவரும் பாதை என்ற ஆசையை விட்டுவிடலாம். ஒரு மதகுக்கும் அடுத்த மதகுக்கும் இடையே, அல்லது கலங்கலுக்கு முன்பே திரும்பிவிடுகிற மாதிரி ஒரு துண்டு போதும். முன்பு போட்ட கணக்குப்படி பெரியவர்களுக்குத் தேவையும் அவ்வளவுதான்.

அப்புறம் முள். கரையெங்கும் சீமைக்கருவேலம். வெறுங்காலோடும் தேய்ந்த ரப்பர் செருப்போடும் நடப்பவர்கள் நம்மவர்கள். நாள்பட்ட சர்க்கரை நோயில் பாத உணர்ச்சி மங்கிவிடும். முள் ஏறியதே தெரியாது, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் புண். நடக்கச் சொல்லி அனுப்பிய இடமே காலை வாங்கிவிடக் கூடாது. எனவே ஏரிக்கரைப் பாதையில் மிக அவசியமான பராமரிப்பு வேலை பெயின்ட் அடிப்பது இல்லை, முள் வெட்டிக் கூட்டுவது. அதுவும் ஒருமுறை செய்து விடுகிற வேலை இல்லை, வாராவாரம் செய்கிற வேலை.

நிழல் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏரிக்கரை மண்ணால் ஆனது. வேர் பெருத்த மரங்கள் கரையைப் பிளந்து கசிவை உண்டாக்கும் என்பதால் பொதுப்பணித் துறை பொறியாளர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் சரியானதே. பனையை நம் முன்னோர் கரையில் வைத்தது அதனால்தான். ஆனால் பனை நிழலில் யார் உட்காருவது? ஊர்ப்பக்கம், கரையின் அடிவாரத்தைத் தாண்டி வேம்பும் புங்கனும் வைத்தால் நிழல் கரைமேல் சாயும். கரைக்கும் ஆபத்தில்லை. ஆனால் மரம் வளர ஏழெட்டு ஆண்டு ஆகும். அதுவரை கீற்றுப் பந்தல்தான் வழி.

கரைமேல் கான்கிரீட் போடலாமா என்பதில் சண்டை உண்டு. கோவையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் அலங்கார நடைபாதைகள் பெற்றன. மாலையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது. குளத்தைச் சிமென்ட் தொட்டி ஆக்கிவிட்டீர்கள் என்று சூழலியலாளர்கள் விமர்சித்ததும் உண்மை. கிராமத்து ஏரிக்கு அது தேவையும் இல்லை. நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய செம்மண் சரளை, நீர் வடிய லேசான சாய்வு, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம் போதும். வழவழப்பான டைல்ஸ் மட்டும் வேண்டாம், மழை பெய்தால் அதுவே எலும்பு முறிவு. விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு 6.84 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

ஊசுட்டேரிக்கு வேறு கணக்கு. சரணாலயம் என்பதால் வனத்துறை சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் நட முடியாது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும் நேரத்தில் உயர்ந்த விளக்கும் ஸ்பீக்கரும் கூடாது. பெரியவர்கள் விடிந்தபின் நடந்து, இருட்டுமுன் வீடு திரும்புகிறவர்கள் என்பதால் பறவைகளோடு அவர்களுக்குச் சண்டை வராது. பைக்கில் வரும் கூட்டத்தோடுதான் வரும். பைக்கைத் தடுக்கக் கம்பம் நடுவார்கள். சக்கர நாற்காலி போக 90 செ.மீ. இடைவெளி விட்டால் அதில் பைக்கும் புகுந்துவிடும். இதற்குக் கம்பியில் தீர்வு இல்லை, ஆள் வேண்டும்.

ரோட்டைத் தாண்டணுமே

பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். விழுப்புரம் சாலை வில்லியனூர் வழியாகவே போகிறது. சிக்னல் கணக்கில் மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைப்பது வழக்கம். முட்டி வலிக்காரர் 0.8 மீட்டர்தான் போவார். 15 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருக்கு 19 வினாடி வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 19 வினாடியில் 420 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிற நேர்ச்சாலையாக இருந்தால்கூட, கண்புரை உள்ளவருக்கு அது காரா லாரியா என்றே புரியாது.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டது. முதியோர் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு சில வினாடிகள் கூடுதலாக எரியும். 2009-ல் தொடங்கினார்கள். நம் கிராமத்துச் சாலையில் சிக்னலே இல்லாதபோது அட்டைக்கு எங்கே போவது? இங்கே செய்யக்கூடியது வேறு. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு, ஊர் முகப்பில் வேகத்தடை, அதற்கு முன் கண்ணில் படும் கோடு. அதுவும் முடியாத ஊரில் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரியை மறந்துவிட்டு இந்தப் பக்கத்திலேயே வாய்க்கால் கரையைப் பார்ப்பது நல்லது.

சுமைதாங்கியை மறந்த ஊர்

நடைபாதை என்றதும் நடக்கிற பகுதியை மட்டும் யோசிக்கிறோம். பெரியவர்களைப் பொறுத்தவரை, உட்காரும் இடம்தான் நடையைத் தீர்மானிக்கிறது. 'அதுவரைக்கும் போனா உட்காரலாம்' என்று தெரிந்தால் கிளம்புவார்கள். இல்லையென்றால் வாசலோடு சரி. பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டி, மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்குள் ஓர் இருக்கை வேண்டும் என்கிறது.

இது நமக்குப் புதிதா என்ன? தலைச்சுமையோடு போகிறவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து ஏற்றிக்கொள்ளத் தோதான உயரத்தில் சுமைதாங்கிக் கல் வைத்த ஊர் இது. வழிக்கு வழி சாவடி, வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல், தெருவில் போகிறவரும் உட்கார வீட்டுக்கு வீடு திண்ணை. நடக்கிறவருக்கு என்ன தேவை என்று யோசித்துக் கட்டிய பொருட்கள் இவை. தெருவை உயர்த்தி உயர்த்திச் சிமென்ட் போட்டதில் பல திண்ணைகள் புதைந்துவிட்டன. மீதியைக் கிரில் கதவு போட்டு உள்ளே இழுத்துக்கொண்டோம்.

இப்போது போடுகிற சிமென்ட் பெஞ்சுகளிலும் ஒரு குறை. பல பெஞ்சுகள் தாழ்வாக இருக்கும், கைப்பிடி இருக்காது. தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். 45 முதல் 48 செ.மீ. உயரம், சாய, ஊன்றி எழ இரு பக்கமும் கைப்பிடி. பெஞ்சுக்குச் செலவாகும் அதே பணத்தில் இதையும் செய்யலாம். பெஞ்சில் கட்சிப் பெயரும் உபயதாரர் பெயரும் எழுதுவதற்குக் காட்டும் அக்கறையில் கால்வாசி போதும். பெஞ்சை ஒட்டி இடுப்புயரக் கம்பி ஒன்று நட்டால் அதைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம், ஒற்றைக்காலில் நிற்கப் பழகலாம். 65 வயதுக்கு மேல் வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடை மட்டும் விழுவதைத் தடுக்காது.

கழிப்பறை பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். சர்க்கரைக்காரருக்கும், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போடுகிறவருக்கும், நான்கைந்து பிரசவம் பார்த்த பாட்டிக்கும் அரைமணி நேரம் வெளியே இருப்பதே கவலை. அதனால் வெளியே கிளம்பும் அன்று தண்ணீர் குடிக்காமலும் மாத்திரையைப் போடாமலும் போகிறவர்கள் உண்டு. பாதை அங்கன்வாடி, கோயில், துணைச் சுகாதார நிலையம் என்று ஏற்கெனவே கழிப்பறை உள்ள ஓர் இடத்தை ஒட்டித் தொடங்கினால் புதிதாகக் கட்டிப் பூட்டிவைக்கும் வேலை மிச்சம்.

யாருடைய கரை?

இன்னொன்றும் உண்டு, அது பொறியாளர் வரைபடத்தில் வராது. ஏரிக்கரை பல ஊர்களில் காலங்காலமாக வெளிக்குப் போகும் இடமாக இருந்தது. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. 'காலங்காத்தால கரைப் பக்கம் எதுக்குப் போற?' என்ற கேள்விக்குப் பயந்தே பெண்கள் போகமாட்டார்கள். மாலையில் அதே இடத்தில் பாட்டில் கூட்டம் கூடும். தனியாகப் போகத் தயங்கும் பாட்டி, நான்கு பேராகச் சேர்ந்தால் போவார். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இங்கே கைகொடுக்கும்.

ஊர் வேறு, காலனி வேறு என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் பாதை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஊர்த்தெருவுக்குள் நுழைந்துதான் கரைக்கு ஏற முடியும் என்றால் காலனிப் பெரியவர்களில் பலர் வரமாட்டார்கள். யாரும் தடுக்க வேண்டியதில்லை, பழைய நினைவே தடுக்கும். இரண்டு பக்கமிருந்தும் ஏறும் சரிவு இருந்தால் இரண்டு பக்கத்தாரும் நடுவில் ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பாவது இருக்கும்.

சரி, யார் செய்வது?

இந்தக் கேள்வியில்தான் புதுச்சேரி தடுக்கி விழுகிறது. ஏரி பொதுப்பணித் துறையிடம். சரணாலயம் வனத்துறையிடம். தெருவும் தெருவிளக்கும் குப்பையும் கொம்யூன் பஞ்சாயத்திடம். முகாம் நடத்துவது சுகாதாரத் துறை. 400 மீட்டர் பாதைக்கு நான்கு அலுவலகம். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க ஊருக்கென்று ஒரு தலைவர் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் பதவியில் இருக்கும்போது பெஞ்சு உடைந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் வழக்கு, குழப்பம் என்று நடக்காமல் போனது. கொம்யூனை ஆணையர் நடத்துகிறார். முள் வெட்ட, நாய் பிடிக்க, பல்பு மாற்ற யாரிடம் சொல்வது என்று கேட்டால் பெரும்பாலும் எம்எல்ஏ பெயர்தான் வரும். ஒரு பாதையை அமைப்பது எம்எல்ஏ நிதியில் முடியும். வாராவாரம் கூட்டுவது முடியாது.

சட்டம் பக்கபலமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தது. நகரத்தில் இந்தத் தீர்ப்பைக் காட்டி ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லலாம். நடைபாதையே இல்லாத வில்லியனூர் கிராமத்துச் சாலையில் எதை எடுக்கச் சொல்வது?

செலவு பெரிதில்லை. 400 மீட்டர் சரளைப் பாதை, இரண்டு சரிவு, எட்டு இருக்கை, ஒரு பந்தல், ஒரு குடிநீர்க் குழாய். கரையில் மண்வேலையும் முள் வெட்டும் 'நூறு நாள் வேலை' என்று ஊரில் சொல்லும் திட்டத்தில் ஏற்கெனவே பழகிய வேலைகள். மீதியில் கடினமானது மனிதர்களை வரவைப்பது. ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புறச் சுகாதார மையம் இருக்கிறது. அதுபோன்ற மையங்களில் மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வரும் பெரியவர்கள்தான் இந்தப் பாதையின் முதல் வாடிக்கையாளர்கள். மாத்திரை தரும் நாளில் பாதையின் மறுமுனையில் மேசை போட்டு பிரஷர் பார்த்தால், நடப்பதற்கு ஒரு 'காரியம்' கிடைத்துவிடும்.

எங்கே போடுவது என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு, அவர்கள் வேகத்தில், ஏரி வரை நடந்து பாருங்கள். எங்கே நின்றார்கள், எங்கே உங்கள் கையைப் பிடித்தார்கள், எங்கே 'போதும்பா, திரும்பலாம்' என்றார்கள் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கையும் சரிவும் வேண்டிய இடங்கள் அவைதான். இப்படி இருபது வீட்டுக் குறிப்பு சேர்ந்தால் கொம்யூன் ஆணையரிடம் கொடுக்க மனு தயார்.

காலம் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகி வில்லியனூர், பாகூர் பக்கம் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு மழைக்குக் கரை நிற்க வேண்டும் என்பதுதான் முதல் தேவை. பாதை அதற்கு அப்புறம். கரையில் மண் ஏற்றிச் சரிவு அமைக்க, ஏரி வற்றிக் கிடக்கும் சித்திரையிலிருந்து ஆடி வரைதான் தோது. ஐப்பசி அடைமழை பிடித்தால் புது மண் நிற்காது, அப்புறம் அடுத்த சித்திரைதான்.